பத்து சென்

ஒவ்வொரு மார்ச் மாதமும் எங்கள் கல்லூரி நூலக வாசலில் 'முதல் பெண்கள்' என்று ஒரு சார்ட் தொங்கும். முதல் பெண் மருத்துவர், முதல் பெண் விமானி, முதல் பெண் நீதிபதி. மாணவிகள் படங்களை வெட்டி ஒட்டுவார்கள். கீழே இரண்டிரண்டு வரி எழுதிக் கொடுப்பது தமிழ்த்துறையின் வேலை. துறையில் நான் ஒருத்திதான் பெண் என்பதால், சேர்ந்த நாளிலிருந்தே அது என் மேசைக்கு வந்துவிட்டது.

ஒரு வருஷம் ஒரு மாணவி கொண்டுவந்த படத்தில், முடியைக் குட்டையாக வெட்டிய நெடுநெடுவென்ற பெண் ஒருவர் அரைக்கால் சட்டையோடு நின்றிருந்தார். மார்பில் வட்டமாக ஜப்பானியச் சூரியன். 'ஹிதோமி கினுவே. ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் ஜப்பானியப் பெண். 1928, ஆம்ஸ்டர்டாம், 800 மீட்டர், வெள்ளி.' இவ்வளவுதான் எழுதிக் கொடுத்தேன். படத்தைக் கொண்டுவந்தவளும் 800 மீட்டர் ஓடுகிறவள். பல்கலைக்கழக அளவில் மூன்றாவது வந்திருந்தாள்.

"இவங்க அப்புறம் என்ன ஆனாங்கம்மா?" என்று கேட்டாள். தமிழ் வாத்தியார் என்பதால் எனக்கு 'அம்மா'. மற்ற துறைக்காரர்களுக்கு 'மேடம்'.

"பாத்துச் சொல்றேன்" என்றேன். பார்க்கவில்லை. தேர்வுத்தாள், நாக் பைல், வீட்டில் காய்ச்சல் என்று எப்போதும் இருக்கிற காரணங்கள். அவள் படிப்பை முடித்துவிட்டுப் போய்ப் பல வருஷம் ஆனபிறகுதான் ஹிதோமியைப் பற்றித் தேடிப் படித்தேன். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

ஹிதோமி 1907ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் ஒகாயாமா மாவட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியில் டென்னிஸ் ஆடினார். 1924இல் தோக்கியோவுக்குப் போய், நிகாய்தோ தொகுயோ என்ற பெண்மணி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கியிருந்த உடற்கல்விப் பள்ளியில் சேர்ந்தார். நிகாய்தோ இங்கிலாந்தில் பெண்களுக்கான உடற்பயிற்சிக் கல்வி படித்துத் திரும்பியவர். அந்தச் சின்னப் பள்ளிதான் பிற்காலத்தில் பெண்களுக்கான உடற்கல்விப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. பெண்ணுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் பெண் ஆசிரியர்கள் வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட இடம் அது. அங்கே படித்தவர்கள் ஆசிரியைகளாகத்தான் வெளியே வந்தார்கள். ஹிதோமியும் அப்படித்தான். கியோத்தோவில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தார். பிறகு தான் படித்த இடத்துக்கே திரும்பி வந்து சொல்லிக்கொடுத்தார்.

1926இல் பெண்களுக்கான தடகளப் பயிற்சி முறைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 19. இந்தத் தகவலை நான் இரண்டு முறை சரிபார்த்தேன். ஓடுகிறவர் பிறகு பயிற்சியாளராவது வழக்கம். இவர் ஓடத் தொடங்கும்போதே சொல்லிக்கொடுக்கவும் தொடங்கிவிட்டார். தனக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் குறைவாக இருந்த காலத்தில், தான் கண்டுபிடித்ததை உடனுக்குடன் அடுத்தவளுக்கு எழுதி வைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதே 1926இல் ஒசாகா மைனிச்சி பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கோடையில் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் இரண்டாவது பெண்கள் உலக விளையாட்டுப் போட்டி நடந்தது. இந்தப் போட்டிக்கு ஒரு பின்கதை உண்டு. ஒலிம்பிக் தடகளத்தில் பெண்களைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிரான்சைச் சேர்ந்த ஆலிஸ் மிலியா என்பவர் 1921இல் பெண்கள் விளையாட்டுக்கென்று ஒரு சர்வதேசக் கூட்டமைப்பை ஏற்படுத்தி, 1922இல் பாரிஸில் 'பெண்கள் ஒலிம்பிக்' என்றே பெயர் வைத்து ஒரு போட்டி நடத்தினார். 'ஒலிம்பிக்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று எதிர்ப்பு வந்தது. சொல்லை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாக ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடம் கேட்டார்கள். 1928இல் கிடைத்தது ஐந்தே ஐந்து போட்டிகள். போதாது என்று பிரிட்டிஷ் தடகளப் பெண்கள் ஆம்ஸ்டர்டாமுக்கு வரவே மறுத்துவிட்டார்கள்.

கோத்தன்பர்க்குக்கு ஜப்பானிலிருந்து போன ஒரே போட்டியாளர் ஹிதோமி. சைபீரியா வழியாக ரயிலில் போனார். நீளம் தாண்டுதலில் 5.50 மீட்டர் தாண்டி முதலிடம். நின்ற இடத்திலிருந்து தாண்டுவதிலும் முதலிடம். வட்டு எறிதலில் இரண்டாவது, 100 கெஜ ஓட்டத்தில் மூன்றாவது. தனிநபர் புள்ளிகளில் அவர்தான் முதல். ஒரு நாட்டின் மொத்த அணியும் ஒருத்தியாக இருந்தால், எல்லாவற்றிலும் அவளேதான் இறங்க வேண்டும்.

இரண்டு வருஷம் கழித்து ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். ஜப்பான் அணியில் 43 பேர். பெண் இவர் ஒருவர்தான். நீளம் தாண்டுதலில் அந்த ஆண்டு மே மாதம்தான் 5.98 மீட்டர் தாண்டி உலகச் சாதனை செய்திருந்தார். அது பத்து வருஷத்துக்கு மேல் யாராலும் முறியடிக்கப்படவில்லை. ஆனால் ஒலிம்பிக் கொடுத்த ஐந்தில் பெண்களுக்கு நீளம் தாண்டுதல் இல்லை. 100 மீட்டரை நம்பிப் போனார். அரையிறுதியில் தோற்றார். ஜெயிக்காமல் ஊருக்குத் திரும்ப முடியாது என்று பயந்தார். அதுவரை ஒரு போட்டியில்கூட ஓடியிராத 800 மீட்டரில் இறங்கினார்.

1928 ஆகஸ்ட் 2. ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் முதலாவது. ஹிதோமி 2 நிமிடம் 17.6 வினாடியில் இரண்டாவது. சுவீடனின் இங்கா கென்ட்செல் மூன்றாவது. மூன்று பேருமே அதற்கு முந்தைய உலகச் சாதனையைத் தாண்டிவிட்டார்கள். கோட்டைக் கடந்ததும் ஹிதோமி கீழே விழுந்தார்.

அந்த விழுதலைத்தான் உலகம் பிடித்துக்கொண்டது. ஓடியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். பதினொரு பேர் ஓடியதாகவும், அதில் ஐந்து பேர் பாதியிலேயே விட்டுவிட்டதாகவும் எழுதிய பத்திரிகையாளர் உண்டு. பெண் உடம்புக்கு இது தாங்காது, சீக்கிரம் கிழவியாகிவிடுவாள் என்றெல்லாம் பேச்சு வந்தது. 800 மீட்டரைப் பெண்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். 1932இலும் 1936இலும் பெண்கள் தனியாக ஓட ஒலிம்பிக்கில் அனுமதிக்கப்பட்ட அதிகபட்சத் தூரம் 100 மீட்டர். 800 மீட்டர் திரும்பி வந்தது 1960இல், ரோமில்.

1908 லண்டன் ஒலிம்பிக் மாரத்தானில் இத்தாலியின் டொராண்டோ பியத்ரி மைதானத்துக்குள் வந்தபிறகு திரும்பத் திரும்ப விழுந்தார். அதிகாரிகள் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்க் கோட்டைக் கடக்க வைத்தார்கள். அதனாலேயே தகுதி நீக்கம் ஆனது. மறுநாள் ராணி அலெக்சாண்ட்ரா அவருக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்துக் கௌரவித்தார். மாரத்தானை ஆண்களிடமிருந்து யாரும் எடுக்கவில்லை. அவர் விழுந்தது வீரக்கதையாயிற்று. இவர் விழுந்தது மருத்துவச் சான்றிதழாயிற்று.

இந்த இடத்தில் என் மாணவிக்குத் திரும்ப வேண்டும்.

அவள் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அவளுடைய அம்மா கல்லூரிக்கு வந்தார். களை எடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறியவர் மாதிரி இருந்தார். துறையில் நான் மட்டும்தான் பெண் என்று விசாரித்துத்தான் வந்திருக்கிறார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஓடுனா கர்ப்பப்பை எறங்கிரும்னு ஊர்ல சொல்றாங்க. நாளைக்கிக் கட்டிக் குடுத்தா புள்ள தங்காதாம். நெசமாம்மா?"

அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் "நீங்க வீட்ல கலந்து பேசி ஒரு முடிவெடுங்கம்மா" என்றேன். ஒரு வாரத்துக்கு முன்புதான் துறையில் ஒருவர், விளையாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்புவதில் நான் அதிகம் மூக்கை நுழைப்பதாகச் சொல்லியிருந்தார். நான் அப்போது நிரந்தரப் பணியில் இல்லை. அந்த அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். படித்தவளே மறுக்கவில்லை என்றால் ஊர் சொல்வது நிஜம்தான் என்று நினைத்திருக்க வேண்டும். "சரிங்கம்மா" என்று போய்விட்டார். அதற்கப்புறம் அவள் காலையில் மைதானத்துக்கு வரவில்லை.

என் குடும்பத்தில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண் நான். உறவில் கல்யாண வீட்டுக்குப் போனால் அப்படித்தான் அறிமுகப்படுத்துவார்கள். அன்றைக்கு அந்தப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலாவதாகப் போய் நிற்பது மட்டும் போதும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஹிதோமி அப்படி நினைக்கவில்லை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து திரும்பியதும் அவருக்கு எல்லாக் கதவும் திறந்திருந்தது. ஓடினார், பத்திரிகையில் எழுதினார், 1929இல் தன் அனுபவங்களைப் புத்தகமாக வெளியிட்டார். ஆனாலும் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். 1930 செப்டம்பரில் பிராக் நகரில் நடக்கவிருந்த மூன்றாவது பெண்கள் உலகப் போட்டிக்குத் தான் தனியாகப் போக மாட்டேன் என்றார். பள்ளி மாணவிகளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்குப் பணம் இல்லை. நாடு முழுக்கப் பெண்கள் பள்ளிகளைக் கேட்டார்கள், ஒரு மாணவிக்குப் பத்து சென். நூறு சென் சேர்ந்தால் ஒரு யென். பெரிய மனிதர் ஒருவரிடம் போய் நின்றிருந்தால் ஒருவேளை சீக்கிரம் முடிந்திருக்கும். இவர் கேட்டது பிள்ளைகளிடம். ஓடவே போகாத பிள்ளைகளுக்கும் அந்தப் பயணத்தில் பத்து சென் அளவுக்குப் பங்கு கிடைத்தது.

ஐந்து பெண்களோடு ஐரோப்பாவுக்குப் போனார். அவர்களுக்குத் தலைவி, பயிற்சியாளர், காய்ச்சல் வந்தால் தாதி எல்லாம் இவரே. அவருக்கு வயது 23. தானும் ஓட வேண்டும். பிராக்கில் நீளம் தாண்டுதலில் 5.90 மீட்டர் தாண்டித் தங்கம். மூன்று போட்டிகள் சேர்ந்த டிரையத்லானில் இரண்டாவது, 60 மீட்டர் ஓட்டத்திலும் ஈட்டி எறிதலிலும் மூன்றாவது. அணி நான்காவது இடம். முடிந்ததும் ஓய்வில்லாமல் வார்சா, பெர்லின், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ் என்று அடுத்தடுத்துப் போட்டிகள்.

ஊரில் அது தோல்வியாகப் பார்க்கப்பட்டது. கோத்தன்பர்க்கில் முதலிடம் வாங்கியவர் இப்போது நான்காவது இடத்தோடு வருகிறார் என்று கணக்குப் போட்டார்கள். அன்று ஒருத்தி, இன்று ஆறு பேர் என்ற கணக்கை யாரும் போடவில்லை. கப்பலில் திரும்பும்போதே அந்த ஏமாற்றம் அவருக்கு எட்டிவிட்டது. கரை இறங்கியதும் பணம் கொடுத்த பள்ளிகளுக்கு நன்றி சொல்ல ஊர் ஊராகப் போனார், பேசினார், பத்திரிகை வேலையையும் பார்த்தார். 1931 வசந்தத்தில் நுரையீரல் நோயோடு மருத்துவமனையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஆகஸ்ட் 2ஆம் தேதி ஒசாகாவில் இறந்தார். 800 மீட்டர் ஓடி மூன்று வருஷம் முடிந்த அதே நாள். வயது 24.

விளையாட்டுதான் அவரைக் கொன்றது என்று சொல்ல ஆள் இருந்தார்கள். காசநோய் ஓடாத பெண்களையும் ஆண்களையும் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோன காலம் அது. ஆனால் ஒரு பெண் ஓடிவிட்டு இறந்தால் ஓட்டம்தான் காரணம்.

உயிரோடு இருந்தபோது அவரைப் பற்றி இன்னொரு பேச்சும் இருந்தது. ஏறக்குறைய 170 சென்டிமீட்டர் உயரம், அகலமான தோள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஒரு தோழியோடு ஒரே வீட்டில் இருக்கிறார். இவர் உண்மையில் பெண்தானா என்று பத்திரிகைகளே கிசுகிசுத்தன. பதக்கம் வாங்கினால் நாட்டின் மகள். மறுநாள் காலையில் மகள்தானா என்று சந்தேகம்.

இதைப் படிக்கும்போது நம் ஊரில் யார் நினைவுக்கு வருவார் என்று சொல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரில் அதே வெள்ளியை வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவருடைய உடம்பு தொலைக்காட்சிச் செய்தியானது. செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்தார். அவரும் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுக்கப் போனார், முறையாகப் படித்துப் பயிற்சியாளரானார். இரண்டு பேரையும் ஒன்றாக்கிவிட நான் விரும்பவில்லை. ஒருவருக்கு நடந்தது வதந்தி, மற்றவருக்கு நடந்தது அதிகாரபூர்வமான தண்டனை. எண்பது வருஷத்தில் கிசுகிசு ஆய்வகத்துக்குள் போய்ச் சான்றிதழோடு வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இரண்டு பேரும் தங்களைச் சந்தேகித்த மைதானத்தை விட்டு ஓடிப்போகவில்லை. அடுத்த பிள்ளையைக் கையைப் பிடித்து அதே மைதானத்துக்குள் கூட்டிவந்தார்கள். என்னால் ஒரு வாக்கியம் சொல்ல முடியாத இடத்தில் இவர்கள் இதைச் செய்திருக்கிறார்கள்.

போன வருஷம் அந்த மாணவி போனில் கூப்பிட்டாள். ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சராக இருக்கிறாளாம். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். கர்ப்பப்பை இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"நாலு பொண்ணுங்கள மாவட்டப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போறேம்மா. ஸ்பைக்ஸ் ரெண்டு ஜோடிதான் இருக்கு. நாலு பேரும் மாத்தி மாத்திப் போடுதுங்க. ஒரு புள்ளைக்குப் பெருசு, பஞ்சு வச்சுப் போடுது. நம்ம பேட்ச் புள்ளைங்க ஆளுக்கு எரநூறு போடுறோம். உங்ககிட்டயும் கேக்கலாமான்னு..."

"எவ்ளோ கொறையுது? நானே போட்டுடறேன்" என்றேன்.

"வேணாம்மா. எரநூறு போதும். எல்லாரும் போட்டா நல்லாருக்கும்."

இருநூறு அனுப்பினேன். பிறகு, பத்து வருஷத்துக்கு முன்பு அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். பத்து சென், ஐந்து பெண்கள், பிராக், நான்காவது இடம், ஆகஸ்ட் 2, எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், "அன்னைக்கு உங்கம்மா வந்தப்ப நான் பேசியிருக்கணும்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"பேசியிருக்கலாந்தாம்மா" என்றாள்.

பரவாயில்லை என்று அவள் சொல்லாதது நல்லது என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. போனை வைத்துவிடலாமா என்றிருந்தது. அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"அந்த அஞ்சு பொண்ணுங்க அப்புறம் என்ன ஆனாங்கம்மா?"

இந்த முறை பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஹிதோமி இறந்த மறுவருஷம், 1932இல், லாஸ் ஏஞ்சலஸில் ஒலிம்பிக் நடந்தது. 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் ஜப்பான் பெண்கள் அணி ஐந்தாவது வந்தது. அந்த அணியில் பிராக்குக்குப் போய்வந்த பெண்கள் இருந்தார்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஆம்ஸ்டர்டாமில் அப்படியொரு அணி நினைத்தே பார்க்க முடியாதது. ஒரே ஒரு பெண்ணால் தொடர் ஓட்டம் ஓட முடியாது. தடகளத்தில் அடுத்த ஜப்பானியப் பெண் ஒலிம்பிக் பதக்கம் வாங்க 64 வருஷம் ஆயிற்று. 1992 பார்சிலோனா மாரத்தானில் வெள்ளி வாங்கிய அரிமோரி யூகோவும் ஒகாயாமாக்காரர். அவர் ஓடி முடித்தபோது ஜப்பானில் ஆகஸ்ட் 2 விடிந்துகொண்டிருந்தது. அதுவரை இடையிலிருந்த வருஷங்களில் பதக்கமில்லாமல் ஓடியவர்களின் பெயர் எந்தச் சார்ட்டிலும் வராது.

தொடர் ஓட்டம் என்றதும் அவள் குரல் மாறிவிட்டது.

"அஞ்சாவதா? பைனல்ஸ்லயா? பேட்டன் மாத்துறது எவ்ளோ கஷ்டம் தெரியுமாம்மா? நம்ம புள்ளைங்க ரெண்டு மாசமா பழகுதுங்க, இன்னும் மூணாவது கைல கீழ போட்டுருதுங்க."

போனில் பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. யாரோ "மிஸ், மிஸ்" என்று கூப்பிட்டார்கள்.

"சரிங்கம்மா, நிக்குதுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள இன்னும் ரெண்டு ரவுண்டு விடணும்" என்று சொல்லி, போனை அணைக்க மறந்து விசிலை ஊதினாள். காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவர்கள் ஓடி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.